ஐம்பது டொலர் கழிவு

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். காருக்கு நான்கு ரயர்களும் புதிதாக மாற்றியிருக்கிறான். ரயர் கம்பனி எழுபது டொலர் திருப்பித் தருகிறதாம். ஆனால் கடையில் வைத்துத் தராது. பற்றுச்சீட்டைப் படம் எடுத்து, படிவம் நிரப்பி, இணையத்தில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில கிழமைகள் கழித்து முற்கொடுப்பனவு அட்டை ஒன்று தபாலில் வருமாம்.

"மாமா, இது உங்கட விசயம் எல்லோ? மினக்கெட்டு அனுப்பிறது பிரயோசனமோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

அவன் சிரித்ததற்குக் காரணம் உண்டு. இருபது வருடங்களுக்கு முன்னர் அவனுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து, கத்தரிக்கோலும் பசையுமாக இந்த வேலையைச் செய்து, கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அந்தக் கதையை இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது.

2004ஆம் ஆண்டு ஆனி மாதம் கனடாவுக்குப் போனேன். ஸ்காபரோவில் தங்கை வீடு. ஆறு மாத விசா. தங்கையும் மச்சானும் விடியப் புறப்பட்டால் பொழுதுபட்டுத்தான் வருவார்கள். மருமகன் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தான். பகல் முழுவதும் வீட்டில் நான் தனியே. பத்திரிகைக்காரனுக்குப் பொழுதுபோக்கு வேறென்ன? வாசலில் வந்து விழும் பத்திரிகைகளையும் அவற்றின் வயிற்றுக்குள் இருக்கும் விளம்பரத் தாள்களையும் ஒன்றுவிடாமல் வாசிப்பேன்.

அப்போதுதான் 'மெயில் இன் ரிபேற்' என்ற சொற்றொடர் கண்ணில் பட்டது. தபால்வழி விலைக்கழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப்பொறி ஒன்றின் படத்துக்குக் கீழே 79 டொலர் 99 சதம் என்று கட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்கருகே, எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி: "50 டொலர் தபால்வழிக் கழிவுக்குப் பின்னர்." அதாவது கடையில் 129 டொலர் 99 சதம் கொடுக்க வேண்டும். பிறகு அச்சுப்பொறிக் கம்பனி 50 டொலரைக் காசோலையாக வீட்டுக்கு அனுப்பும்.

எங்கள் ஊருக்கு இது முழுக்கப் புதிய சங்கதியல்ல. சவர்க்கார உறை, பால்மாப் பெட்டியின் மூடி என்று சேர்த்துக் கொழும்புத் தபால்பெட்டி இலக்கத்துக்கு அனுப்பிய தலைமுறை நாங்கள். பத்திரிகைகளிலும் கூப்பன் போட்டிகள் நடத்தினோம். நான் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில் அந்தக் கடிதங்களைப் பிரிக்கும் வேலை என் தலையில்தான் விழுந்தது. கூப்பன் ஒட்டாத விடைகள் நேரே குப்பைக்கூடைக்குள் போகும். விடை சரியா பிழையா என்று பார்ப்பதே இல்லை. இன்னொரு சங்கடமும் இருந்தது. கூப்பனை வெட்டினால் மறுபக்கத்தில் உள்ள கட்டுரையின் நடுப்பகுதி போய்விடும். என் கட்டுரைகள் சில அப்படி ஓட்டையோடு வாசிக்கப்பட்டன.

ஆனால் ஒரு வித்தியாசம். எங்கள் ஊரில் அது அதிர்ஷ்டம். கிடைத்தால் கிடைத்தது, விழாவிட்டால் சவர்க்காரமாவது மிச்சம். அங்கே அது விலையின் ஒரு பகுதி. விலையைச் சொல்லும்போதே கழித்துச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கழிவைத் தருவதற்கு மட்டும் நிபந்தனை வைக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் அமெரிக்காவில் வேர்விட்டது. 1975 ஜனவரியில், விற்காமல் தேங்கிய கார்களைத் தள்ளுவதற்காகக் கிறைஸ்லர் கம்பனி, வாங்குவோருக்குக் காசோலை தருவதாகத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது. மற்றக் கார்க் கம்பனிகளும் பின்னால் வந்தன. தொண்ணூறுகளில் கணினியும் அச்சுப்பொறியும் வீட்டுக்கு வீடு புகுந்தபோது அந்தக் கடைகளில் ரிபேற் இல்லாத பொருளைக் காண்பதே அரிதாயிற்று. கழிவுக்குப் பின் இலவசம் என்று எழுதி வெற்று இறுவட்டுகளை அடுக்கு அடுக்காக விற்றார்கள்.

மருமகனுக்கு அச்சுப்பொறி தேவையாக இருந்தது. அவனுடைய பழைய கணினியைக் கீழ்வீட்டுப் பையனுக்குக் கொடுத்திருந்தான். கீழ்வீடு என்றால் பேஸ்மென்ற். ஸ்காபரோவில் எங்களவர் வீடுகளில் பெரும்பாலும் கீழே ஒரு குடித்தனம் இருக்கும். வீட்டுக்கடன் கட்டுவதற்கு அந்த வாடகை வேண்டும். தங்கை வீட்டின் கீழே ஒரு தாயும் பத்தாம் வகுப்பில் படிக்கும் மகனும் இருந்தார்கள். கணவர் இன்னமும் ஊரில். அந்தப் பெண் பொதி கட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். ஒன்ராறியோவில் அப்போது அடிப்படைச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 7 டொலர் 15 சதம். அவருக்கும் அதுதான்.

பையன் பள்ளிக்கூட வேலைகளை அச்சடிக்க நூலகத்துக்கு ஓடுவதைப் பார்த்து, நான்தான் அந்தப் பெண்ணிடம் விளம்பரத்தைக் காட்டினேன்.

"நூற்று முப்பது டொலரோ அண்ணை? இப்ப ஏலாது" என்றார்.

"நூற்று முப்பது இல்லைப் பிள்ளை, எண்பதுதான். மிச்சம் தபாலிலே வரும். படிவத்தை நான் நிரப்பித் தாறன்" என்றேன்.

இரண்டு அச்சுப்பொறிகள் வாங்கினோம். மேல்வீட்டுக்கு ஒன்று, கீழ்வீட்டுக்கு ஒன்று.

காசாளரிடம் போனதும் முதற்பாடம் கிடைத்தது. விற்பனை வரி முழு விலைக்கும் உண்டு. அந்நாளில் மத்திய வரி 7 வீதம், மாகாண வரி 8 வீதம், ஆக 15 வீதம். 129.99 டொலருக்கு வரி 19.50. கொடுத்த காசு 149.49. பின்னர் 50 டொலர் வந்தாலும் உண்மையான செலவு 99.49. கடைக்காரர் நேரடியாகவே 79.99 என்று விற்றிருந்தால் வரியோடு 91.99தான் ஆகியிருக்கும். விளம்பரத்தில் எண்பது, நடைமுறையில் நூறு. வராத காசுக்கும் ஏழரை டொலர் வரி.

இரண்டாம் பாடம் பெட்டியில் இருந்தது. பெட்டியில் அச்சிட்ட கோட்டுக்குறியை வெட்டி அனுப்ப வேண்டும். பிரதி உதவாது, மூலம்தான் வேண்டும். பெட்டியில் இரண்டு மூன்று கோட்டுக்குறிகள் இருந்தன. தொடரிலக்கத்தின் குறி ஒன்று, பொருளின் குறி இன்னொன்று. மாறி வெட்டினால் அவ்வளவுதான். வெட்டிய பிறகோ பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பது பெரும்பாடு. ஓட்டை விழுந்த பெட்டியைக் கடைக்காரர் ஏற்க மாட்டார். என்னுடைய கட்டுரைகளின் ஓட்டை நினைவுக்கு வந்தது. கழிவைக் கேட்க வேண்டுமானால், பொருள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமையை முதலில் கத்தரித்து எறிய வேண்டும். இந்த நிபந்தனையை யோசித்தவர் கெட்டிக்காரர்தான்.

படிவம், பற்றுச்சீட்டு, கோட்டுக்குறி மூன்றையும் வாங்கிய 30 நாளுக்குள் தபால் முத்திரை குத்தப்பட அனுப்ப வேண்டும். காசோலை வர எட்டு முதல் பத்துக் கிழமை. இரண்டு உறைகளையும் ஒரே மேசையில், ஒரே பேனாவால், ஒரே இரவில் நிரப்பினேன். 49 சத முத்திரை ஒவ்வொன்று ஒட்டினேன். மறுநாள் காலை மூலைத் தபாற்பெட்டியில் போட்டுவிட்டு வெற்றி வீரனைப்போல் நடந்து வந்தேன். உறையில் எழுதிய முகவரி நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் ஒரு தபால்பெட்டி.

அந்த முகவரிதான் இந்த வியாபாரத்தின் திறவுகோல். அச்சுப்பொறி செய்யும் கம்பனி உங்கள் உறையைப் பிரிப்பதில்லை. அதற்கென்று வேறு நிறுவனங்கள் இருக்கின்றன. படிவங்களைச் சரிபார்த்துக் காசோலை அனுப்புவது அவர்களுடைய தொழில். அமெரிக்காவிலே மினசோட்டா, ரெக்சஸ் போன்ற மாநிலங்களில் இத்தகைய நிறுவனங்கள் பெரும் மண்டபங்களில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தன. கடை, கம்பனி, கடிதம் பிரிப்பவர் என்று மூன்று கை இருப்பதால், பிசகினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

இந்தத் தொழிலில் இரண்டு சொற்கள் உண்டு. வாங்கியவர் கழிவைக் கேட்காமலே விட்டால் அதற்கு 'பிறேக்கேஜ்' என்று பெயர். கேட்டு, காசோலை வந்து, அதை வங்கியில் போடாமலே விட்டால் 'சிலிப்பேஜ்'. மறதிக்கும் அசதிக்கும் வணிக அகராதியில் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், அவை கணக்கில் சேர்க்கப்படும் வரவுகள் என்றுதானே பொருள்?

ஐப்பசி கடைசியில் கீழ்வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. அந்தப் பெண் வேலை முடிந்து வந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "அண்ணை, இதிலே என்ன எழுதிக் கிடக்கு?"

வாசித்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணம்: ஒரு முகவரிக்கு ஒரு கழிவு மட்டுமே.

படிவத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் பன்னிரண்டு வரி நிபந்தனைகள். பங்குச்சந்தை விலைகளைக்கூட எங்கள் பத்திரிகையில் அவ்வளவு சிறிய எழுத்தில் போட்டதில்லை. ஒன்பதாவது வரியில் இருந்தது: ஒரு நபருக்கு, குடும்பத்துக்கு அல்லது முகவரிக்கு ஒன்று. முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். அந்த வரியை வாசிக்கவில்லை. முன்பக்கத்தை வாசித்ததோடு முடிந்தது என் கெட்டித்தனம்.

மேல்வீடும் கீழ்வீடும் இரண்டு குடும்பங்கள், இரண்டு அடுப்புகள், இரண்டு வாசல்கள். ஆனால் தபாற்காரருக்கு ஒரே இலக்கம். வீட்டை முழுதாக வைத்திருப்பவருக்கு இந்த நிபந்தனை ஒருபோதும் இடறாது. நெருங்கி வாழ வேண்டியவர்களைத்தான் அது பிடிக்கும்.

இலவசத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன். பதிவு செய்த குரல்களைத் தாண்டி ஒரு மனிதக் குரல் வர நீண்ட நேரமாயிற்று. விதி விதிதான் என்றார் அந்தப் பெண்மணி, மிகவும் மரியாதையாக. பிறகு கடிதம் எழுதினேன். வாடகைப் பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, இவர்கள் தனிக் குடித்தனம் என்று விளக்கினேன். என் வாழ்நாளில் எத்தனையோ ஆசிரிய தலையங்கங்கள் எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்துக்குப் பட்ட சிரமம் எதற்கும் பட்டதில்லை. பதில் வரவில்லை.

50 டொலரை 7.15 ஆல் பிரித்துப் பாருங்கள். ஏழு மணித்தியாலம். அந்தப் பெண் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் நின்றபடி பெட்டி கட்டிய கூலி அது. நான் ஒரு வரியை வாசிக்காததால் போனது.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. "நீங்கள் வாசிச்சுச் சொன்னீங்கள் எண்டுதான் அண்ணை வாங்கினனான். பரவாயில்லை, பெடியனுக்கு உதவுதுதானே" என்றார். முதல் வசனத்தை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அது இன்றுவரை காதில் நிற்கிறது. வாசித்துச் சொல்வதுதானே என் தொழில்?

கார்த்திகை நடுப்பகுதியில் தங்கையின் பெயருக்குக் காசோலை வந்தது. விளம்பரத் துண்டுகளோடு சேர்ந்து வந்த சாதாரண உறை. குப்பையில் போட்டுவிடக்கூடிய தோற்றம். 90 நாளுக்குள் மாற்றாவிட்டால் செல்லாது என்று அதிலும் ஒரு வரி. இம்முறை வாசித்தேன். அன்றிரவு தங்கையிடமும் மச்சானிடமும் பேசினோம். ஒரு முகவரிக்கு ஒரு கழிவு என்றால், அந்த முகவரியில் இருக்கும் இரண்டு வீட்டுக்கும் அது பொதுதானே என்றார் மச்சான். மார்கழி வாடகையில் 25 டொலரைக் கழித்துக்கொண்டார்கள். கீழ்வீட்டுப் பிள்ளை முதலில் மறுத்தார். பின்னர் ஏற்றுக்கொண்டார். மற்ற 25 டொலரை நான் கொடுக்க முயன்றேன். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம். பிரயோசனமா, இல்லையா?

நியாயமாகச் சொன்னால், பயன் உண்டு. பலர் கேட்காமல் விடுவதால்தான் கம்பனியால் அவ்வளவு பெரிய தொகையை விளம்பரத்தில் போட முடிகிறது. எல்லோரும் தவறாமல் கேட்பார்களானால் அந்த ஐம்பது இருபதாகச் சுருங்கிவிடும். ஆகவே ஒழுங்காகக் கேட்பவருக்கு, கேட்காதவரின் பங்கும் சேர்ந்து கிடைக்கிறது. தங்கை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் கோடு போட்டு, வாங்கிய தேதி, அனுப்பிய தேதி, வரவேண்டிய தேதி, வந்த தேதி என்று எழுதி வைத்திருந்தார். அவருக்கு ஒரு காசோலையும் தவறியதில்லை என்றார். நம்பினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியும், நேரம் இருந்தது, பொறுமையும் இருந்தது.

என்னை உறுத்துவதும் அதுதான். இந்தக் கழிவு யாருக்கு அதிகம் தேவையோ அவரிடம்தான் நேரமும் மொழியும் குறைவு. இரண்டு வேலை செய்பவர் படிவத்தை மேசையில் வைத்துவிட்டு நித்திரையாகிவிடுவார். முப்பது நாள் ஓடிவிடும். அவர் விட்ட காசு ஓய்வாக இருப்பவரின் காசோலைக்குத் துணைபோகும்.

இந்த முறைமீது அதிருப்தி வளர்ந்தது. 2005 மார்ச்சில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, கொம்ப் யூ.எஸ்.ஏ. என்ற கணினிக் கடைத் தொடர்மீது நடவடிக்கை எடுத்தது. ஓர் உற்பத்தியாளர் கழிவுகளை ஒழுங்காகக் கொடுப்பதில்லை என்று தெரிந்த பின்னரும் அந்தக் கழிவுகளைக் கடை விளம்பரம் செய்தது என்பது குற்றச்சாட்டு. கொடுபடாத கழிவுகளைக் கடையே கொடுப்பதென்ற இணக்கத்தில் அது முடிந்தது. அடுத்த மாதமே பெஸ்ட் பை நிறுவனம், தபால்வழிக் கழிவுகளை இரண்டு ஆண்டுகளில் கைவிடுவதாக அறிவித்தது. 2006 இல் ஸ்ரேபிள்ஸ் நிறுவனமும் அதே வழியில் போனது. வாடிக்கையாளரின் எரிச்சல் இலாபத்தைவிடப் பெரிதாகிவிட்டது என்று கொள்ளலாம்.

ஆனால் பழக்கம் முற்றாக அழியவில்லை. ரயர், கண்வில்லை, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வீட்டுச் சாதனங்கள் போன்றவற்றில் இன்னமும் இருக்கிறது. கத்தரிக்கோலுக்குப் பதில் கைத்தொலைபேசி, காசோலைக்குப் பதில் முற்கொடுப்பனவு அட்டை. அட்டைக்கும் காலாவதித் தேதி உண்டு. அதில் ஒரு டொலர் எண்பது சதம் மிஞ்சினால் அதைச் செலவழிக்க வழி தேட மனம் வராது. சிலிப்பேஜ் உருமாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

என் அனுபவத்தில் கண்டவற்றை மருமகனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். கழிவு வரவே வராது என்று வைத்துக்கொண்டு, கடையில் கொடுக்கும் முழுக் காசுக்கு அந்தப் பொருள் பெறுமதியா என்று முதலில் பாருங்கள். பக்கத்துக் கடையில் கழிவில்லாமலே அதே விலைக்குக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். வாங்குவதானால் பெட்டியைத் திறந்து பொருளைச் சோதித்த பிறகு வெட்டுங்கள். ஆனால் அந்தக் கிழமைக்குள்ளேயே அனுப்பிவிடுங்கள். அனுப்பும் ஒவ்வொரு துண்டையும் பிரதி எடுத்து வையுங்கள். காசு வரவேண்டிய தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். வந்ததும் அன்றே வங்கியில் போடுங்கள். அட்டையானால் அரிசி பருப்புக்கு உடனே செலவழித்து முடியுங்கள். பத்து டொலருக்கும் குறைந்த கழிவுக்காக மினக்கெட வேண்டாம்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவன், "சரி மாமா, இண்டைக்கே அனுப்பிறன்" என்றான். அவனும் இப்போது சொந்த வீட்டுக்காரன். அவனுடைய வீட்டின் கீழேயும் வாடகைக்கு ஆட்கள். புதிதாக வந்த மாணவர்கள் இருவர், அவர்களிடமும் ஒரு பழைய கார் இருக்கிறது.

"அனுப்ப முதல், கீழ்வீட்டுப் பெடியள் இந்த மாதம் ரயர் மாத்தினவையோ எண்டு ஒருக்காக் கேள்" என்றேன்.